மதினி கட்டிய அட்டவணை

மதினி முதன்முதலாகக் கேட்ட கேள்விக்குக் கணினி ‘யாரும் இல்லை’ என்று பதில் சொன்னது. செகந்திராபாத்தை அடுத்த அல்வாலில் அண்ணன் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டிய மேசைமேல் அந்தக் கணினி இருந்தது. வெயில் தாழ்ந்திருந்த நேரம். அடுப்படியிலிருந்து வந்த மதினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, பி நெகட்டிவ் ரத்தம் உள்ளவர், போவன்பள்ளியில் குடியிருப்பவர் என்ற கேள்வியை அன்றைக்கு வகுப்பில் படித்திருந்த முறையில் ஒரே வரியாக எழுதி, என்டரை அழுத்தினார். பெயர், ஊர், தெரு, தொலைபேசி என்று தலைப்பு மட்டும் திரையில் வந்து நின்றது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“ஆள் இருக்காருல்லா தம்பி,” என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். “மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்காரே, அவருதான். அவரு பேர நாந்தானே அடிச்சேன். நேத்துகூட போன்ல தக்காளி வெல விசாரிச்சேன்.”

கணினி பொய் சொல்லிவிட்டது என்பதுபோல் அவர் பேசவில்லை. தெரிந்த ஒருவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று யோசிப்பவரைப்போல அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்த காலம் அது. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் அட்டவணைகளோடுதான் என் பொழுது போனது. லட்சக்கணக்கான வரிசைகள். ஒரு வரிசை குறைந்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்போம். அந்த வரிசைக்குப் பின்னால் தக்காளி விலை சொல்லும் மனிதர் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மதினிக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். அண்ணன் ராணுவத்துக்குக் கருவிகள் செய்யும் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருந்தார். கல்யாணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர் மதினி. கல்லூரியில் விலங்கியல் படித்தவர். அவர்களுக்கு ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குத் தலசீமியா என்று தெரிந்துவிட்டது. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாகச் செய்துகொள்ளாத நோய் அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ரத்தம் ஏற்ற வேண்டும். நாள் தள்ளிப்போனால் முகம் வெளுக்கும். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளுடையது பி நெகட்டிவ், எளிதில் கிடைக்காத வகை. ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதமாவது ஆக வேண்டும். ஆகவே மதினிக்கு ஒருவர் இருவர் போதாது. வருஷம் முழுக்க மாறி மாறி வரக்கூடிய ஆட்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் விசாரிப்பார். அண்ணனின் அலுவலகத்தில் விசாரிப்பார். ஜீடிமெட்லா மருந்துத் தொழிற்சாலைகளின் வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் போய் நின்று, உடைந்த தெலுங்கில் ஒவ்வொருவரிடமும் பேசுவார். யாரென்றே தெரியாத ஒரு பெண் வழியில் நிறுத்தி, உங்கள் ரத்தம் என்ன வகை என்று கேட்டால் மனிதர்கள் கோபப்படுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் நின்று பதில் சொன்னார்கள்.

பெயர்கள் சேரச் சேர, யார் எப்போது கொடுத்தார், அடுத்து யாரைக் கூப்பிடலாம் என்பது தலைக்குள் அடங்காமல் போயிற்று. பாப்பா ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் மதினி அமீர்பேட்டையில் ஒரு கணினி மையத்தில் சேர்ந்தார். நான் சொல்லித் தருகிறேனே என்றேன். “நீங்க பஸ்ல நின்னுட்டே வீடு வந்து சேருதீங்க. ஒங்களப் பிடிச்சு உக்கார வச்சா எனக்கே மனசு கேக்காது. அங்கன்னா விடாம கேக்கலாம்,” என்றார். வேலை தேடி வந்த இருபது வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், மதியம் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார்ந்தார். அட்டவணை என்றால் என்ன, கேள்வியை எப்படி எழுதுவது, ஒரு வலைப்பக்கம் எங்கோ இருக்கும் கணினியிடம் போய் எப்படிப் பதில் வாங்கி வருகிறது என்று முதல் படியிலிருந்து படித்தார். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அதை நேர்முகத் தேர்வுக்காகப் படித்தார்கள். மதினி ஒவ்வொன்றையும் தன் மகளுக்கு ரத்தம் கொண்டுவரும் வழியாகப் பார்த்தார்.

அன்று மாலை அந்த வெள்ளைத் திரைக்கு முன் வெகுநேரம் யோசித்தவர், ஊர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பி நெகட்டிவ் எல்லாரையும் காட்டு என்று கேள்வியை மாற்றிக் கேட்டார். பெயர்கள் வரிசையாக இறங்கின. காய்கறி மார்க்கெட்காரரும் அதில் இருந்தார். ஆனால் அவர் பெயருக்கு எதிரே இருந்தது ‘போயின்பள்ளி’. இன்னொருவருக்கு ‘போவின்பள்ளி’. ஒவ்வொருவரும் தங்கள் வாயில் வந்தபடி சொல்லியிருந்தார்கள். மதினி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் அடித்திருந்தார். அல்வாலும் அதில் மூன்று விதமாக இருந்தது. நமக்கு எல்லாம் ஒரே ஊர். கணினிக்கு ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு ஊர்.

அந்தப் பட்டியலில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்த மதினியின் கை சட்டென்று நின்றது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த ஒருவரின் பெயர் அதில் இருந்தது. எப்போதோ சர்ச் வழியாக வந்து சேர்ந்த பெயர். ஊரின் எழுத்து மாறியதால் இத்தனை நாளும் அவர் எங்கோ தூரத்தில் இருப்பவர்போல மறைந்து கிடந்தார். போன மாதம் ஆள் கிடைக்காமல், அண்ணன் திண்டாடி நகரின் தென்கோடியிலிருந்து ஒருவரை ஸ்கூட்டரில் அழைத்து வந்திருந்தார்.

“பக்கத்துலயே இருந்திருக்காவ,” என்றார் மதினி. குரல் தாழ்ந்துவிட்டது. “நாமதான் கேக்கத் தெரியாம கேட்டிருக்கோம்.”

மறுநாளே அவர் எல்லாவற்றையும் பிரித்தார். ஊர்ப் பெயர்களுக்கென்று தனியாக ஓர் அட்டவணை. அதில் ஒவ்வோர் ஊரும் ஒரே ஒருமுறைதான், ஒரே எழுத்தில்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எவை என்பதையும் அதோடு சேர்த்தார். ஆட்களுக்கு ஓர் அட்டவணை. யார் எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பதற்கு இன்னொன்று. மூன்றையும் இணைத்துக் கேள்வி கேட்டால், அல்வாலுக்கு அருகில், பி நெகட்டிவ், மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதவர்கள் மட்டும் வந்து நிற்பார்கள். பாடப் புத்தகத்தில் இது மூன்றாவது அத்தியாயமோ நான்காவதோ. நானும் படித்துத் தேர்வெழுதியதுதான். ஆனால் அன்று அந்தக் கேள்விக்குப் பதில் வந்தபோது எனக்கு அவை வெறும் பெயர்களாக இல்லை, வரிசையாக மனிதர்கள் எழுந்து நிற்பதுபோல இருந்தது. மதினி திரையில் ஒவ்வொரு பெயராக விரலை வைத்து, இவர் மகளுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆயிற்று, இவர் ரத்தம் கொடுத்தபின் டீ மட்டும்தான் குடிப்பார், பிஸ்கட்டைத் தொடமாட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சில மாதங்களில் அதை வலைப்பக்கமாகவும் ஆக்கிவிட்டார். இலவசமாகக் கிடைத்த சர்வரில் ஏற்றிய எளிய பக்கம். ரத்த வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி, தேடு என்று ஒரு பொத்தான். அவ்வளவுதான். அதை யாருக்குத் திறந்துவிடுவது என்பதில் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மருத்துவமனையின் ரத்தம் ஏற்றும் வார்டில் மதினிக்கு நிறையத் தாய்மார்கள் பழக்கமாகியிருந்தார்கள். அவர்களில் ஒரு தெலுங்குப் பெண்ணின் மகனுக்கும் பி நெகட்டிவ்தான். எல்லாருக்கும் பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம் என்றார் மதினி. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“ஜீடிமெட்லால வெயில்ல நின்னு நீ சேத்த ஆளுவ. நம்ம பிள்ளைக்கே சில நேரம் பத்த மாட்டேங்கு. இதையும் எடுத்துக் குடுத்துட்டா?”

“அவங்க கிட்ட இருக்க ஆளுங்களையும் அவங்க இதுல சேப்பாங்கல்லா. சேந்தா பெருசாவும்.”

“சேக்கலன்னா?”

அடுத்தமுறை வார்டுக்குப் போனபோது மதினி அந்தத் தெலுங்குப் பெண்ணின் அருகில் உட்கார்ந்து பாஸ்வேர்டைச் சொல்லி, நெட் சென்டரில் எதை அழுத்த வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். தாய்மார்கள் சேர்த்தார்கள். அட்டவணை பெருத்தது.

அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்பது சில வருஷம் கழித்து ஒரு பந்த் நாளில் தெரிந்தது. நகரத்தில் அடிக்கடி பந்த் நடந்த காலம். நான் அதற்குள் மியாபூரில் தனியாக வீடு எடுத்திருந்தேன். முந்தின நாள் அண்ணன் வீட்டுக்கு வந்தவன் பஸ் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் ஏற்றுவது ஒருவாரம் தள்ளிப்போயிருந்தது. காலையில் பல் தேய்க்க எழுந்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதட்டில் நிறமே இல்லை. செகந்திராபாத் மருத்துவமனைக்குப் போன் செய்தால், பிள்ளையை அழைத்து வாருங்கள், ஆனால் கையிருப்பில் பி நெகட்டிவ் இல்லை, கொடுப்பவரையும் கூட்டி வாருங்கள் என்றார்கள்.

மதினி கணினியின் முன் உட்கார்ந்தார். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. சைக்கிளிலோ நடந்தோ வரக்கூடியவராக இருக்க வேண்டும். பதிலில் சில பெயர்கள் வந்தன. முதலில் இருந்தவர் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர். பாப்பாவுக்குப் பலமுறை கொடுத்தவர். தீபாவளிக்கு இனிப்போடு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறவர். மதினி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். அந்த மனிதர் தயங்கினார்.

“அம்மா, இப்பத்தான் இன்னொரு அம்மா போன் பண்ணாங்க,” என்று தெலுங்கில் சொன்னார். “அவங்க பையனுக்கு. வரேன்னு சொல்லிட்டேன். சைக்கிளை வெளிய எடுத்துட்டேன். நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அங்க வரேன்.”

அந்த இன்னொரு அம்மா யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அதே நேரம் நகரத்தின் வேறொரு மூலையில், அதே வலைப்பக்கத்தில், அதே பொத்தானை அழுத்தியிருக்கிறார். இருவருக்கும் ஒரே பெயர் முதலில் வந்திருக்கிறது. அவர் சில நிமிஷம் முந்திவிட்டார்.

அண்ணன் பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். அவர் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. மதினியின் கை போனைப் பிடித்தபடியே இருந்தது. அவர் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

“அங்கேயே போங்கண்ணா,” என்றார் தெலுங்கில். “சொன்ன இடத்துக்குப் போங்க. பிள்ளை காத்துக்கிட்டிருப்பான்.”

போனை வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்தவர் வெளியூரான கம்மத்துக்குப் போயிருந்தார். நான்காவது, பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இந்தி சொல்லித் தருகிற டீச்சர். அதுவரை ஒருமுறைகூடக் கொடுத்தவர் இல்லை. வேறொரு தாய் எங்கேயோ விசாரித்துச் சேர்த்திருந்த பெயர். மதினிக்கு அவர் முகம்கூடத் தெரியாது. இந்தியில் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் கேட்ட ஒரே கேள்வி, எந்த ஆஸ்பத்திரி என்பதுதான்.

அண்ணன் ஸ்கூட்டர் முன்னால் ‘ஆஸ்பத்திரி’ என்று தெலுங்கில் எழுதிய அட்டையைக் கட்டிக்கொண்டு, பாப்பாவை நடுவில் வைத்து மதினியோடு கிளம்பினார். நான் பக்கத்து வீட்டு பைக்கை இரவல் வாங்கி டீச்சரைத் தேடிப் போனேன். அவர் அதற்குள் குடையைப் பிடித்துக்கொண்டு பிரதான சாலைக்கு நடந்தே வந்துவிட்டிருந்தார். ஒரு சந்திப்பில் கொடியோடு நின்ற இளைஞர்கள் எங்களை மறித்தார்கள். டீச்சர் பைக்கில் உட்கார்ந்தபடியே, “சின்னப் பொண்ணுக்கு ரத்தம் குடுக்கப் போறேன். ஹவ், ஆமா, நான்தான் குடுக்கணும். வழி விடுங்க பாபு,” என்று அந்த ஊர் வழக்கான தக்கணி இந்தியில் சொன்னார். அவர்களில் ஒருவனே முன்னால் ஓடிப்போய் அடுத்த முனையில் சாலையை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

மதியத்துக்குமேல் பாப்பாவின் கையில் ரத்தம் இறங்கத் தொடங்கியது. அவள் உதட்டில் மெல்ல நிறம் ஏறுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் அன்றைக்கு எதையோ முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. அப்போது அந்தத் தெலுங்குப் பெண் போன் செய்தார். தன் மகனுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னவர், அந்த மனிதர் சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது என்று சொல்லும்போது அழுதுவிட்டார். “எனக்குத் தெரியாதே அக்கா, தெரியாதே,” என்றார். “ஒனக்கு எப்படித் தெரியும்? பக்கம் சொல்லலியே,” என்றார் மதினி. “அது நான் எழுதுனதுல இருக்க கொற. சரி பண்ணிருதேன்.”

அந்த வாரமே சரிசெய்தார். ஒருவர் பெயரைத் திறந்து போன் செய்யப் போனால், அவர் பெயருக்கு எதிரே ‘பேசிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று மற்றவர்களுக்குத் தெரியும். முடிவு தெரியும்வரை அவர் வேறு யாருடைய பதிலிலும் முதலில் வரமாட்டார். ஒரே வரிசையை இருவர் ஒரே சமயத்தில் தொடக் கூடாது என்று நாங்கள் அலுவலகத்தில் பெரிய பெரிய பெயர்கள் வைத்துப் பேசுகிற விஷயம் அது. எங்களுக்கு அது தொகை இருமுறை பதிவாகாமல் இருப்பதற்கு. மதினிக்கு, ஒரு நல்ல மனிதரை இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தாமல் இருப்பதற்கு.

அன்றைக்கு டீச்சரும் கிடைக்காமல் போயிருந்தால் என்று ஒருமுறை கேட்டேன். “அத நெனச்சா இப்பவும் பயமாத்தான் இருக்கு தம்பி,” என்றார் மதினி. “ஆனா அந்த மருந்துக் கம்பெனிக்காரர இங்க கூப்பிட்டிருந்தா, அதுக்கப்புறம் அந்தப் பக்கத்தத் தொறக்க எனக்குக் கை வந்திருக்காது.” அண்ணன் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில், சர்ச் வாசலில் மதினிக்கு முன்பாகவே அண்ணன் போய் நின்று ஆட்களிடம் பேசுவதைப் பார்த்தேன்.

பின்னர் நகரத்தில் பெரிய அமைப்புகள் இதே வேலையை நல்ல வசதியோடு செய்ய ஆரம்பித்தன. பாப்பா கல்லூரிக்குப் போகிற பருவம். மதினி தன் பக்கத்தை மூடிவிட முடிவுசெய்தார். அதற்குள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்ட நான் விடுமுறைக்கு அங்கே வந்திருந்தேன். எல்லாவற்றையும் அழிக்க ஒரே ஒரு வரி போதும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்றேன். மதினி அப்படிச் செய்யவில்லை. அட்டவணையில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். நன்றி சொன்னார். உங்கள் பெயரைப் பெரிய அமைப்புக்குக் கொடுக்கவா, அழித்துவிடவா என்று கேட்டார். அவர் சொன்னபடி செய்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போனார். சிலர் அரைமணி நேரம் பேசினார்கள். நான் ஊர் திரும்பும்வரைக்கும் அது முடியவில்லை.

அப்படிக் கூப்பிட்டபோது ஒரு வீட்டில் மனைவி எடுத்தார். கணவர் போன வருஷம் தவறிவிட்டாராம். மதினி ஆறுதல் சொல்லத் தொடங்கியபோது, அந்த அம்மாவே, “அவர் பேரை எடுத்துட்டு அந்த இடத்துல என் பேரை எழுதிக்கோங்க. என்ன குரூப்புன்னு தெரியாது, பார்த்துக்கலாம்,” என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். பெயரை மட்டும் மாற்றினால் போதும், ஒரு நொடி வேலை. மதினி தலையசைத்து மறுத்தார்.

“ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் இருக்குல்லா. அவரு நம்பர் அவரோடதான். அத இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது,” என்று, மேசையில் கை ஊன்றி, பெரிய அமைப்புக்குப் போகும் பட்டியலில் அந்த அம்மாவுக்கென்று ஒரு புதிய வரிசையைத் திறந்து, புதிய எண்ணில் பெயரை எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா ரத்த வங்கிக்கு வந்தார். மதினியோடு நானும் பாப்பாவும் போயிருந்தோம். ஐம்பது வயது இருக்கும். ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயமாம். கட்டிலில் படுத்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பாப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நரம்பு தேடித் தேடித் தழும்பேறிய தன் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊசியைப் பார்க்காதீங்க ஆன்ட்டி, என்னையே பாருங்க. உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க,” என்று தெலுங்கில் கேட்டாள். அந்த அம்மா கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். பை நிறைந்து, நர்ஸ் ஊசியை எடுத்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.